காற்றுத் துவாரத்துக்குக் குறைந்த செலவில் அழகான மூடி

நம் ஊர்க் கடைகளிலும் வீடுகளிலும் கூரையை ஒட்டி ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். எலி வருகிறது, குருவி கூடு கட்டுகிறது, பார்க்கவும் நன்றாக இல்லை என்று பலர் அதை அட்டையாலோ சாக்காலோ அடைத்து விடுகிறார்கள். இது சிக்கனம் போலத் தோன்றும். முடிவில் நஷ்டமே.

சூடான காற்று இலேசானது, மேலே ஏறும். அது வெளியேறத்தான் துவாரத்தை உயரத்தில் வைத்தார்கள். அடைத்து விட்டால் சூடும் ஈரமும் உள்ளேயே தங்கும். ஈரக்காற்று தேங்கும் அறையில் மிளகாய் வத்தலில் பூஞ்சணம் பிடிக்கும். சில பூஞ்சணங்கள் ‘அஃப்ளடாக்சின்’ என்னும் நச்சை உண்டாக்குகின்றன. வறுத்தாலும் அது முழுவதும் போகாது. சரக்குடன் கடையின் பெயரும் கெடும்.

எனவே துவாரத்தை அடைக்காமல் மறைக்க வேண்டும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007) கேரளத்தில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, காற்றும் அழகும் சேர்ந்த சுவர்களைக் கட்டினார். அதே முறையை நாம் சிறிய அளவில் மரத்தில் செய்யலாம்.

2 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள துவாரத்தை எடுத்துக்கொள்வோம்.

1. ஒன்றரை அங்குல ரீப்பரில் 27 அங்குலத்துக்கு 15 அங்குலம் சட்டம் செய்யுங்கள். அதன் பின்புறம் கால் அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலையை இழுத்து அடியுங்கள். சுண்டெலிக்கு அரை அங்குலச் சந்து போதும். ஆகவே பெரிய கண் வலை உதவாது. சட்டத்தை உள்பக்கச் சுவரில் சந்து இல்லாமல் திருகாணியால் பொருத்துங்கள்.

2. 15 அங்குல நீளத்தில் இரண்டு ரீப்பர் கட்டைகளைச் சட்டத்தின் இரு ஓரங்களிலும் செங்குத்தாக நிறுத்துங்கள். கட்டை 1 அங்குல கனம், 2 அங்குலம் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

3. அவற்றின் மேல் 27 அங்குல நீளம், 2 அங்குல அகலமுள்ள பிளைவுட் பட்டைகள் 5 அடியுங்கள். இடையில் 1¼ அங்குலம் விடுங்கள்.

காற்று குறையுமா என்று கேட்கலாம். துவாரத்தின் பரப்பு 288 சதுர அங்குலம். வலை அடித்த பின் ஏறக்குறைய முக்கால் பங்கு, அதாவது 216 திறந்திருக்கும். பட்டைகளின் நான்கு இடைவெளிகளில் 125, மேலும் கீழும் 100, ஆக 225. அழகுப் பட்டைகள் காற்றைத் தடுக்கவில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

பட்டைகளுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, கோலப் புள்ளிகள் இடலாம். நிப்பு அடித்து மீந்த துளைத் தகடு பழைய இரும்புக் கடையில் கிடைத்தால், ஓரங்களை அரத்தால் ராவி, பட்டையின் மேல் பதிக்கலாம். பேனா நிப்புக்குப் பெயர் பெற்ற சாத்தூருக்கு அது பொருத்தமான அலங்காரம். ஆசாரி கூலி இல்லாமல், மீந்த மரத்திலேயே இதை முடிக்கலாம்.

சில எச்சரிக்கைகள்:

சேவு அடுப்புக்கு அருகில் மர மூடி கூடாது. அங்கே இரும்புத் தகடே ஏற்றது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படரும். ஆகவே சமையலறையில் தரையை ஒட்டிய துவாரத்தை எந்தக் காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். பட்டாசு விற்பனை உரிமம் உள்ளவர்கள், அனுமதி பெற்ற வரைபடத்துக்கு மாறாக எதையும் செய்யும் முன் உரிமம் வழங்கிய அலுவலகத்தைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

மாதம் ஒரு முறை கட்டைகளின் திருகாணியைக் கழற்றி, வலையில் படிந்த தூசியைப் பிரஷ்ஷால் துடையுங்கள். தூசி அடைத்த வலையும் சாக்கு அடைத்த துவாரமும் ஒன்றே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். வணிகப் பெருமக்கள் தம் கிடங்கிலிருந்தே தொடங்கலாம்.