பழைய எஞ்சினுக்குப் புத்துயிர்

வட்டகொடை மலைச்சரிவிலே கொழுந்து ஏற்றிவரும் டிராக்டர் நடுவழியில் நின்றுவிட்டால், மூட்டையிலுள்ள கொழுந்து தொழிற்சாலை சேருமுன்பே சூடேறிக் கெடும். ஆகவே பழைய எஞ்சினைப் புதுப்பிக்கையில் நாம் அவசரப்படலாகாது.

1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் உற்பத்தியான பெர்குசன் டிராக்டர்களுள் ஸ்டாண்டர்ட் எஞ்சின் பூண்டவற்றைப் பாருங்கள். அவற்றின் லைனரை நீரே சூழ்ந்து குளிர்விக்கிறது. லைனரின் மேல்விளிம்பு பிளாக்கின் மட்டத்திலிருந்து மயிரிழை உயர்ந்து நிற்றல் வேண்டும். அடியிலுள்ள நீரடைப்பும் பழுதற்றிருத்தல் வேண்டும். தவறினால் நீர் எண்ணெயிற் கலக்கும். எண்ணெய்ப் படலம் குலையும். புதிய பெயாரிங்கும் தேய்ந்தழியும்.

பெயாரிங் மூடிகளை ஒவ்வொன்றாக இறுக்கி, தண்டு கையாற் சுழல்கிறதா எனப் பார்ப்போம். சுழலாவிடின் அரத்தால் ராவுதல் ஆகாது. காரணத்தைத் தேடுவதே முறை. நமது பொறுமை, கொழுந்து பறித்த கைகளின் உழைப்பைக் காக்கும்.