நான்கு ஊர்சுற்றிகள்

லீவு விட்டாச்சு! அப்பா, அம்மாவோடு காரில் ஏறி, வழியில் இருக்கும் ஊர்களை எல்லாம் சுற்றிப் பார்த்து, தெரிந்தவர்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டு, ராத்திரி மரத்தடியில் கூடாரம் போட்டுத் தூங்கினால் எப்படி இருக்கும்? நினைக்கும்போதே ஜாலியாக இருக்கிறது இல்லையா, குட்டீஸ்?

நூறு வருடங்களுக்கு முன்பு அமெரிக்காவில் நான்கு நண்பர்கள் இப்படித்தான் கிளம்பினார்கள். அவர்கள் சின்னப் பையன்கள் இல்லை. நான்கு பேருமே உலகப் புகழ் பெற்ற பெரியவர்கள்!

ஒருவர், பேச்சையும் பாட்டையும் பதிவு செய்யும் கருவியைக் கண்டுபிடித்த தாமஸ் ஆல்வா எடிசன். இன்னொருவர், 'மாடல் டி' என்ற காரைத் தயாரித்து சாதாரண ஜனங்களையும் காரில் ஏற வைத்த ஹென்றி ஃபோர்டு. மூன்றாமவர் டயர் கம்பெனி முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோன். நான்காமவர் ஜான் பர்ரோஸ். நீளமான வெள்ளைத் தாடி வைத்த தாத்தா. பறவைகள், மரங்கள், பூக்கள் பற்றி நிறையப் புத்தகங்கள் எழுதியவர். 'ஊர்சுற்றிகள்' என்றுதான் இவர்கள் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

காரைப் பிடிக்காத தாத்தா

ஆனால், பர்ரோஸ் தாத்தாவுக்கு கார் என்றாலே பிடிக்காது! சத்தமும் புகையுமாக வரும் இந்த வண்டி, அமைதியான காடுகளையும் விட்டுவைக்காது என்று அவர் பயந்தார். அதைப் பத்திரிகையிலும் எழுதினார்.

ஹென்றி ஃபோர்டுக்கு பறவைகள் என்றால் உயிர். பர்ரோஸின் புத்தகங்களை விரும்பிப் படிப்பவர். 'நமக்குப் பிடித்த எழுத்தாளர் நம் காரைத் திட்டுகிறாரே!' என்று அவர் கோபப்படவில்லை. 1913-ம் வருடம் ஒரு புத்தம் புது காரையே தாத்தாவுக்குப் பரிசாக அனுப்பி வைத்தார்.

அப்போது தாத்தாவுக்கு வயது 75. அந்த வயதில் கார் ஓட்டப் பழகினார். ஒரு நாள் வண்டியைக் கொட்டகைக்குள் விட்டபோது நிறுத்த முடியாமல், எதிர்ப்பக்க மரச்சுவரை உடைத்துக்கொண்டு போய்விட்டார்! நல்ல வேளை, காயம் ஒன்றும் இல்லை. தூரத்துக் காடுகளையும் மலைகளையும் நினைத்தபோது போய்ப் பார்க்க முடிந்ததால், மெல்ல மெல்ல காரோடு ராசியாகிவிட்டார். ஃபோர்டோடும்தான்!

கொட்டியது மழை

1914-ல் ஃபோர்டு தன் மனைவி கிளாராவையும், மகன் எட்சலையும், பர்ரோஸ் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு ஃப்ளோரிடா மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் மையர்ஸ் என்ற ஊருக்குப் போனார். அங்கேதான் எடிசனின் குளிர்கால வீடு இருந்தது. எடிசன் குடும்பமும் சேர்ந்துகொள்ள, எல்லோரும் கார்களில் ஏறி எவர்கிளேட்ஸ் என்ற பெரிய சதுப்புக் காட்டுக்குக் கிளம்பினார்கள். முதலைகளும் பாம்புகளும் நிறைந்த இடம் அது!

ராத்திரி கூடாரத்தில் படுத்தார்கள். பிடித்தது மழை! கூடாரம், துணிமணி எல்லாம் நனைந்து போனது. ஆனாலும் யாருக்கும் ஆசை விட்டுப்போகவில்லை. ஃபோர்டு பிறகு 1916-ல் எடிசனுக்குப் பக்கத்து வீட்டையே வாங்கிவிட்டார். அந்த இரண்டு வீடுகளும் இன்று அருங்காட்சியகமாக இருக்கின்றன.

கண்காட்சியும் உருளைக்கிழங்கும்

1915-ல் எடிசன், ஃபோர்டு, ஃபயர்ஸ்டோன் மூவரும் சான் ஃப்ரான்சிஸ்கோ நகரத்தில் சந்தித்தார்கள். பனாமா கால்வாய் திறந்ததைக் கொண்டாட அங்கே பிரமாண்டமான பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. எடிசனைக் கௌரவிக்க ஒரு நாளை 'எடிசன் தினம்' என்றே கொண்டாடினார்கள்.

அதைப் பார்த்துவிட்டு, சான்டா ரோசா என்ற ஊரில் இருந்த லூதர் பர்பாங்க் வீட்டுக்குப் போனார்கள். இவர் யார் தெரியுமா? புதுப்புது செடி வகைகளை உருவாக்கிய தோட்டக் கலைஞர். இன்று அமெரிக்காவில் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் போட அதிகம் பயன்படும் உருளைக்கிழங்கு வகை, இவர் உருவாக்கிய கிழங்கிலிருந்து வந்ததுதான்.

அந்தப் பயணத்தின்போதுதான் எடிசனுக்கு ஓர் ஆசை பிறந்தது. அடுத்த வருடம் காரிலேயே கிளம்பி, கூடாரத்தில் தங்கிக்கொண்டே ஊர் சுற்றினால் என்ன?

ஆளுக்கொரு வேலை

அப்படியே செய்தார்கள். 1918-ல் நான்கு பேரும் சேர்ந்து அப்பலேச்சியன் மலைப்பகுதிக்குக் கிளம்பினார்கள். எல்லாருக்கும் ஒவ்வொரு பொறுப்பு.

எடிசன்தான் வழிகாட்டி. கையில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு முன்னால் போகும் காரில் உட்கார்ந்துகொள்வார். நல்ல பெரிய சாலைகளை விட்டுவிட்டு, குண்டும் குழியுமான சின்னச் சாலைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்! இரவில் கூடாரங்களில் மின்விளக்கு எரிந்தது. எல்லாம் எடிசனின் பேட்டரி உபயம்.

ஃபோர்டு மெக்கானிக். கார் தயாரிக்கும் கம்பெனியின் சொந்தக்காரரே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ரிப்பேர் வேலையில் இறங்கிவிடுவார். ஃபயர்ஸ்டோன் சாப்பாட்டுக்கும் மற்ற ஏற்பாடுகளுக்கும் பொறுப்பு. பர்ரோஸ் தாத்தா? குரலைக் கேட்டே அது என்ன பறவை என்று சொல்வார். வழியில் தெரியும் செடிகொடிகளின் பெயரையும் சொல்லித் தருவார். அப்போது அவருக்கு 81 வயது. ஆனாலும் கோடரி எடுத்து விறகு வெட்டினார்!

மேற்கு வர்ஜீனியாவில் பழைய மாவு ஆலை ஒன்றைப் பார்த்தார்கள். உடனே அதன் பெரிய தண்ணீர்ச் சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் இன்றும் புகழ் பெற்றது.

சமையல்காரர், டிரைவர் எல்லாம் கூடவே வந்ததால் அவர்களுக்குக் கஷ்டம் அதிகம் இல்லை. 1919 பயணத்துக்கு, அடுப்பும் ஐஸ் பெட்டியும் வைத்த சமையலறை வண்டியே வந்தது. பெரிய வட்ட மேஜையின் நடுவே சுழலும் தட்டு ஒன்று இருந்தது. அதைச் சுற்றிவிட்டால் சாப்பாடு நம்மைத் தேடி வரும்!

வராத தாத்தா

1921 மார்ச் மாதம், கலிஃபோர்னியாவிலிருந்து ரயிலில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார் பர்ரோஸ் தாத்தா. 'வீடு இன்னும் எவ்வளவு தூரம்?' என்று கேட்டாராம். வீடு வந்து சேரும் முன்பே அவர் உயிர் பிரிந்தது. ஏப்ரல் 3, அவருடைய 84-வது பிறந்தநாள். சின்ன வயதில் அவர் ஏறி விளையாடிய பாறைக்குப் பக்கத்தில் அன்றுதான் அவரை அடக்கம் செய்தார்கள்.

அந்த வருடக் கோடையில் மற்ற மூவரும் குடும்பத்தோடு மேரிலாந்து மாநிலத்தில் கூடாரம் போட்டார்கள். அமெரிக்க ஜனாதிபதி ஹார்டிங்கே விருந்தாளியாக வந்தார்! எடிசன் வழக்கம் போலப் புல்தரையில் படுத்து ஒரு குட்டித் தூக்கம் போட்டார். ஆனால், ஜனாதிபதி வந்தால் சும்மா இருக்குமா? பாதுகாவலர்கள், நிருபர்கள், வேடிக்கை பார்ப்பவர்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. அவ்வளவு சத்தத்தில் பறவையின் குரல் எப்படிக் கேட்கும்? கேட்டாலும், அது என்ன பறவை என்று சொல்ல தாத்தா இல்லையே!

போகிற இடமெல்லாம் கூட்டம் சேர்ந்ததால், 1924-க்குப் பிறகு ஊர்சுற்றிகள் பயணத்தையே நிறுத்திவிட்டார்கள். கார்கள் வந்தால் காட்டின் அமைதி போய்விடும் என்று தாத்தா பயந்தாரே, அது அவருடைய நண்பர்களுக்கே நடந்துவிட்டது, பார்த்தீர்களா?

அதற்காக நாம் ஊர் சுற்றாமல் இருக்க வேண்டாம், குட்டீஸ். காட்டுப் பக்கம் போனால் பாட்டுப் பெட்டியை அலற விடாதீர்கள். குப்பையைத் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள். முக்கியமாக, காரில் உங்கள் தாத்தா, பாட்டிக்கும் ஓர் இடம் வையுங்கள். மரத்தில் கூவுவது என்ன பறவை என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்!