ஊமைக்காயம்

சரீரமும் சிகிச்சையும் – 14

மண்ணீரல் கிழிந்த குழந்தைகளிற் சிலர் கத்தி படாமலே குணமடைந்ததை டொரான்டோ நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து உபாத்யாயா, சிம்ப்ஸன் என்னும் இருவர் 1968-ல் எழுதிய வரலாற்றைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த நியாயம் சிறுநீரகத்துக்கும் பொருந்தும் என்பதே இந்த வாரத்து விஷயம்.

சைக்கிளோடு விழுந்து, கைப்பிடி விலாவில் இடித்த பையனுக்குத் தோலிலே சிறு கன்றலுக்கு மேல் ஒன்றும் தெரியாமலிருக்கலாம்; ஆனால், பெரியவர்களைக் காட்டிலும் குழந்தைக்குச் சிறுநீரகம் உடலின் அளவுக்குப் பெரிதாகவும், அதைச் சூழ்ந்த கொழுப்பு சொற்பமாகவும், அடிவிலா எலும்புகள் முற்றாமலும் இருப்பதால், உள்ளே சிறுநீரகம் பிளந்திருக்கவும் கூடும்.

அச்சிறுநீரகத்தைச் சுற்றி ஜெரோட்டா உறை என்றொரு சவ்வு உண்டு. கசியும் ரத்தம் அதற்குள்ளேயே தேங்க, தேங்கிய ரத்தத்தின் அழுத்தமே பெரும்பாலும் கசிவை நிறுத்திவிடுகிறது. அவசரப்பட்டு அந்த உறையைத் திறந்தாலோ, அடங்கியிருந்த ரத்தம் பீறிட்டு வர, உயிரைக் காக்கும் பொருட்டுச் சிறுநீரகத்தையே எடுத்துவிட நேரக்கூடும். எடுத்தபின், அது அடியினால் போயிற்றா, சிகிச்சையினால் போயிற்றா என்று எவராலும் சொல்ல இயலாது.

ஆகவே சும்மா இருப்பதும் ஒரு சிகிச்சையாயிற்று. அதற்குத்தான் எத்தனை உழைப்பு! சாயமருந்து செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுத்து, சில நிமிஷங்கள் கழித்துச் சிறுநீர் ஒழுகுகிறதா என்று மறுபடியும் படமெடுத்து, காயத்தை ஐந்து தரங்களில் ஒன்றாக நிர்ணயிக்கிறார்கள். அப்புறம் படுக்கை ஓய்வு. கட்டிலருகே, மணி குறித்த சோதனைக் குழாய்களில் அவ்வப்போது பிடித்த சிறுநீர் வரிசையாக நிற்கும். ரத்தச் சிவப்பு தேநீர் நிறமாகி, வைக்கோல் நிறமாக வெளிறுவதைத் தாயும் தாதியும் ஒருங்கே பார்ப்பார்கள். மிகுந்த ரத்தம் போகும் வரையில் குழந்தையின் ரத்த அழுத்தம் இறங்காமல் ஏமாற்றுமாதலால், நாடித் துடிப்பின் வேகத்தையே முதலில் கவனிக்கவேண்டும். கசிவு நீடித்தால் தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, ஒழுகும் ரத்தக்குழாய்க் கிளையை மட்டும் அடைப்பார்கள். சிறுநீர் தேங்கினால் மூத்திரப்பை வழியாக ஸ்டென்ட் வைப்பார்கள். ரத்தமேற்றியும் நாடி தேறாத குழந்தைக்கு மாத்திரம் கத்தியைத் தவிர வேறு மார்க்கமில்லை. அங்கே தயங்குவது பொறுமையாகாது.

வீடு திரும்பியதோடு விஷயம் முடிவதில்லை. இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின்னரும் ரத்தம் திடீரென்று கசியலாம். தழும்பேறிய சிறுநீரகம் பிற்காலத்தில் ரத்தக் கொதிப்பை உண்டாக்கலாம். எனவே, மருத்துவர் அனுமதிக்கும் வரையில் ஓட்டமும் பந்தாட்டமும் கூடாது. சிறுநீர் மீண்டும் சிவந்தால் விடியட்டும் என்று இராமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்பவேண்டும். பையன் நன்றாயிருக்கிறான் என்பதற்காக ரத்த அழுத்தப் பரிசோதனையை விட்டுவிடவும் கூடாது.

(தொடரும்)