பாடசாலைக் கணக்கை உம்மாமாரும் கேட்கலாம்

"இலவசக் கல்வி" என்ற சொல் நமக்குப் பழகிப் போன சொல். ஆனால் உங்கள் பிள்ளை படிக்கும் பாடசாலைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எந்தச் சட்டத்தின்படி வருகிறது, யார் கையால் செலவாகிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? "அதையெல்லாம் அதிபரும் ஆண்களும் பார்த்துக்கொள்வார்கள்" என்று நம்மில் பலர் ஒதுங்கி விடுகிறோம். அப்படி ஒதுங்குவதால் நஷ்டப்படுவது நம் பிள்ளைகள்தாம்.

கல்விச் சட்டமும் பாடசாலை நிதியும் இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும், ஆராயப்படும் துறைகள். அத்துறையின் அடிப்படைக் கேள்வி எளிமையானது. ஏழை ஊரின் பிள்ளைக்கும் வசதியான ஊரின் பிள்ளைக்கும் ஒரே தரமான கல்வி கிடைக்க வேண்டுமானால், செலவை யார் ஏற்பது? இந்தக் கேள்வியை வன்னியிலுள்ள ஓர் ஊரை வைத்துப் பார்ப்போம்.

உடையார்கட்டின் நிலை

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் இருப்பது உடையார்கட்டு. குளத்தையும் வயலையும் நம்பி வாழும் ஊர். 2009 ஜனவரி 21ஆம் திகதி அரசாங்கம் அறிவித்த பாதுகாப்பு வலயத்தில் இந்தப் பகுதியும் அடங்கியிருந்தது. அந்த வலயத்துக்குள்ளேயே எறிகணைகள் விழுந்தன. அந்த மாதங்களில் வன்னியின் பாடசாலைக் கட்டடங்கள் சில தற்காலிக ஆஸ்பத்திரிகளாக மாறின. மக்கள் வீட்டையும் பயிரையும் விட்டு ஓடினார்கள்.

இப்படி எல்லாவற்றையும் இழந்த ஊர், தன் பாடசாலையைத் தன் சொந்த வருமானத்திலேயே நடத்த வேண்டும் என்றொரு சட்டம் இருந்தால் என்ன ஆகும்? அப்படியும் ஒரு முறை உலகில் இருக்கிறது.

அமெரிக்காவில் நடந்த வழக்கு

அமெரிக்காவில் பாடசாலைச் செலவின் பெரும்பகுதி நீண்ட காலமாக அந்தந்த ஊரின் வீடு, காணி வரியிலிருந்தே வந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோ நகரில் எட்ஜ்வூட் என்ற ஏழைப் பகுதியில் 1967-68 கல்வியாண்டில் ஒரு பிள்ளைக்குச் செலவான தொகை 356 டொலர். அதே நகரின் செல்வந்தப் பகுதியான அலமோ ஹைட்ஸில் 594 டொலர். இத்தனைக்கும் எட்ஜ்வூட் மக்கள்தாம் அதிக வீதத்தில் வரி கட்டினார்கள். அவர்களுடைய வீடுகளின் பெறுமதி குறைவு என்பதால் வசூலும் குறைந்தது.

அந்தப் பெற்றோர் 1968இல் வழக்குத் தொடுத்தார்கள். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களில் ஐவர் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். ஆனாலும் எட்ஜ்வூட் தரப்பு ஓயவில்லை. மாநிலச் சட்டத்தின் அடிப்படையில் மீண்டும் வழக்காடி, 1989இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தில் ஏகமனதான தீர்ப்பைப் பெற்றது.

நம் நாட்டின் ஏற்பாடு

இலங்கையில் நிலைமை வேறு. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, 1945 ஒக்டோபர் முதலாம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால், கலாநிதி பதியுதீன் மஹ்மூத் அமைச்சராக இருந்த காலத்தில், உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. 1980 முதல் பாடநூல்களும் 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாயின. ஆசிரியர் சம்பளம் ஊரின் வரியிலிருந்து வருவதில்லை. அரச பணத்திலிருந்து வருகிறது.

இதன் அருமை போர்க் காலத்தில் தெரிந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் வன்னி இருந்த ஆண்டுகளிலும் அங்கிருந்த ஆசிரியர்களுக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. பரீட்சை வினாத்தாள்கள் கொழும்பிலிருந்து போயின. ஆனால் சீமெந்துக்குக் கட்டுப்பாடு இருந்தது. சம்பளம் என்பது ஆண்டுதோறும் வரும் மீண்டெழும் செலவு. கட்டடம் என்பது மூலதனச் செலவு. முதலாவது வந்து இரண்டாவது வராவிட்டால், ஆசிரியர் இருப்பார், கூரை இருக்காது. பாடசாலை நிதியைப் படிப்பவர்கள் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது இதனால்தான்.

வடக்கிலிருந்து 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நம் சமூகத்துக்கு இன்னொன்றும் தெரியும். முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து போன குடும்பங்களின் பிள்ளைகளும் புத்தளத்தின் நெரிசலான பாடசாலைகளில் இடம் தேட வேண்டியிருந்தது. பாடசாலைக்குக் கற்றல் பொருட்களுக்காக வரும் தர உள்ளீட்டுப் பணம் மாணவர் தொகையை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே பிள்ளை எங்கே படித்தாலும் அங்குள்ள பதிவேட்டில் பெயர் சரியாக இருக்க வேண்டும். ஊர் திரும்பும் குடும்பங்கள் விடுகைப் பத்திரத்தை மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும்.

பின்வாசலால் வரும் ஏற்றத்தாழ்வு

அப்படியானால் நம் நாட்டில் எல்லாப் பிள்ளைகளும் சமமா? இல்லை, சகோதரிகளே. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்ற ஒன்று இருக்கிறது. நகரத்துப் பெரிய பாடசாலையின் பெற்றோர் தாராளமாகக் கொடுப்பார்கள். அங்கே கணினி அறையும் விளையாட்டுத் திடலும் எழும். உடையார்கட்டில் கூலி வேலைக்குப் போகும் தாய் எதைக் கொடுப்பாள்? அமெரிக்காவில் வரியால் வந்த வேற்றுமை, இங்கே பெற்றோரின் பணப்பையால் வருகிறது. கொடுக்க முடியாத வெட்கத்தில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் தாய்மாரும் உண்டு. இது நடக்கவே கூடாது.

நீங்கள் தெரிந்திருக்க வேண்டியவை

ஒன்று: 1998இல் 5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி வந்தது. 2016இல் அது 16 வயது வரை நீடிக்கப்பட்டது. பெண் பிள்ளை பெரியவளாகி விட்டாள் என்று படிப்பை நிறுத்துவதைச் சட்டம் ஏற்காது.

இரண்டு: கல்வி பெறும் வாய்ப்பு எல்லோருக்கும் சமம் என்று அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆனால் அதை மட்டும் வைத்து வழக்குப் போட முடியாது என்று 29ஆம் உறுப்புரை தடுக்கிறது. ஆயினும் 12ஆம் உறுப்புரையின் சமத்துவ உரிமையைக் கொண்டு உச்ச நீதிமன்றம் போகலாம். 2007இல் முதலாம் தர அனுமதிச் சுற்றுநிருபமே இப்படித்தான் செல்லாததாக்கப்பட்டது. இத்தகைய மனுவை ஒரு மாதத்துக்குள் போட வேண்டும்.

மூன்று: அரச பாடசாலையில் இடம் தருவதற்குப் பணம் கேட்பது குற்றம். அப்படிக் கேட்ட அதிபர்களை இலஞ்ச ஊழல் ஆணைக்குழு கைது செய்திருக்கிறது.

நான்கு: அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோர் அனைவரும் உறுப்பினர். வரவு செலவுக் கணக்கு பொதுக் கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும்.

ஐந்து: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பாடசாலைக்கு வந்த பணம் எவ்வளவு என்று வலயக் கல்விப் பணிமனையிடம் தமிழிலேயே கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

பொதுப் பணம் ஓர் அமானிதம். கணக்குக் கேட்பது அதிபரைச் சந்தேகிப்பதாகாது. நேர்மையான அதிபருக்கு அது பலம்தான். கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், அடுப்பு வேலையைச் சற்று முன்னதாக முடித்துவிட்டு நீங்களே போங்கள். வசதி குறைந்த அடுத்த வீட்டுத் தாயையும் கூட்டிக்கொண்டு போங்கள். "பணம் கொடுக்க முடியாத பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு?" என்று முதலில் கேளுங்கள்.

சட்டமும் கல்வியியலும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் வீட்டிலிருந்தபடியே படிக்கக் கூடிய துறைகள். உங்கள் மகளுக்குக் கணக்கும் நியாயமும் பிடிக்குமென்றால், இந்தத் துறையை அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பாடசாலைகளுக்கு என்ன குறைகிறது, ஏன் குறைகிறது என்பதை ஆராய்ந்து எழுத நம் பெண்களும் வேண்டும்.