இரவல் போன இசைத்தட்டு

கிராமபோன் பெட்டி இருந்த வீட்டுக்கு அந்தக் காலத்தில் விருந்தாளிகளுக்குப் பஞ்சமில்லை. மாலையில் சாவி முடுக்கும் சத்தம் கேட்டால் போதும், திண்ணை நிறைந்துவிடும். அசல் ரசிகர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இரண்டு மூன்று தட்டுகளைக் கொண்டுவருவார்கள். வீட்டுக்காரர் தட்டு ஒன்று, வந்தவர் தட்டு ஒன்று என்று மாறி மாறி வைப்பார்கள். பாட்டு முடிந்ததும் சர்ச்சை தொடங்கும். காப்பி ஆறிப்போகும்.

பத்து அங்குலத் தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மிஞ்சினால் மூன்றரை. மணிக்கணக்கில் பாடுகிற வித்வான்களும் அந்த அளவுக்குள் ராகத்தைக் கோடி காட்டி, கிருதியையும் பாடி முடித்தாக வேண்டும். அந்த அவசரத்திலும் சங்கீதத்தின் சாரத்தைப் பிழிந்து கொடுத்தார்களே, அதுதான் ஆச்சரியம்!

கேட்கக் கூப்பிடுவதில் யாருக்கும் தயக்கம் இல்லை. "நாளைக்குத் தந்துவிடுகிறேன், ஸார்" என்று நண்பர் இரவல் கேட்கும்போதுதான் முகம் வாடும்.

தேயும் பாட்டு

அதைக் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. பழைய தட்டு அரக்கினால் ஆனது. பூச்சிகள் மரக்கிளைகளில் கட்டும் அரக்கோடு கல்பொடியையும் கரியையும் கலந்து அழுத்தி எடுத்தார்கள். உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும் பங்கு இந்தியாவிலிருந்தே போயிற்று. தட்டு கைதவறி விழுந்தால் அப்பளம்தான்.

உடையாத தட்டுக்கும் ஆபத்து உண்டு. இரும்பு ஊசி ஒரு பக்கம் ஓடி முடிவதற்குள் முனை மழுங்கிவிடும். அடுத்த பக்கத்துக்குப் புது ஊசி போடவேண்டும். சிக்கனம் பார்த்து ஒரே ஊசியால் ஒரு வாரத்தை ஓட்டும் மகானுபாவர்கள் எந்த ஊரில்தான் இல்லை! அவர்கள் கைக்குப் போன தட்டு, திரும்பும்போது பாட்டைவிட இரைச்சலை அதிகமாகக் கொண்டுவரும். நல்ல ஊசியானாலும் தேய்மானம் தேய்மானம்தான். இதற்குப் பயந்து மூங்கில் ஊசியும் முள் ஊசியும் உபயோகித்தவர்கள் உண்டு. ஓசை சற்றுக் குறையும்; தட்டு பிழைக்கும்.

நாடக செட் வைத்திருந்தவர் பாடு இன்னும் மோசம். பல தட்டுகளில் வரும் கதையில் ஒன்று தொலைந்தாலும், அரிச்சந்திரன் மயானத்துக்கு வராமலே நின்றுவிடுவான்.

கிட்டப்பாவின் குரல்

ஆனால் பூட்டி வைத்தால் என்ன ஆகும்? செங்கோட்டையில் 1906-ல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா 1933-ல் காலமானார். தமிழ் பேசும் படம் 1931-லேயே வந்துவிட்டது. அவரோ படத்தில் நடிக்கவில்லை. சென்னையில் அகில இந்திய வானொலி தொடங்கியது 1938-ல்தான். நாடகக் கொட்டகைகளில் ஜனங்களைக் கட்டிப்போட்ட அந்தக் குரலுக்கு இன்று சாட்சி இசைத்தட்டுகள் மட்டுமே. அவர் பாடிய 'எவரனி' தட்டைக் கேட்டவர்கள், மேல் ஸ்தாயியில் குரல் அனாயாசமாகப் போய் நிற்பதை மறக்கமாட்டார்கள்.

வீணை தனம்மாளின் கதையும் அதுவே. ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் அவர் வாசித்ததைக் கேட்க வித்வான்களே காத்திருந்தார்கள். மிக மெல்லிய நாதம். அருகில் உட்கார்ந்தால்தான் முழுச் சுகம். 1938-ல் அவர் மறைந்தார். 1932-ல் எடுத்த ஒரு சில தட்டுகளே மிச்சம்.

மூலஅச்சு எல்லாவற்றையும் கம்பெனிகள் காப்பாற்றி வைக்கவில்லை. ஒரு பாட்டுக்கு ஒரே தட்டுதான் மிஞ்சியது என்றால், அது உடையும் அன்று பாட்டும் போயிற்று.

குவியலில் கிடைத்த புதையல்

பெட்டி பழுதாகி, ரேடியோவும் நீண்ட நேரத் தட்டும் வந்ததும் பலர் பழைய தட்டுகளை எடைக்குப் போட்டார்கள். 1900-ல் திறந்து 1985-ல் தீக்கிரையான சென்னை மூர் மார்க்கெட்டில் அவை குவியலாகக் கிடந்தன. அங்கே குனிந்து தேடியவர்கள் கண்டதையெல்லாம் வாங்கவில்லை. நண்பருக்கு வேண்டியது தென்பட்டாலும் வாங்கி வைத்து, தமக்கு வேண்டியதற்கு மாற்றிக்கொண்டார்கள். இந்தப் பண்டமாற்றில் அரியக்குடிக்கு ஈடு இன்னொரு அரியக்குடிதான். பணம் இரண்டாம் பட்சம். மேல்நாட்டவருக்கும் இங்கே ஆசைப்பட ஒன்று உண்டு. அங்கே 78 சுற்றுத் தட்டு மறைந்த பின்னும் இந்தியாவில் 1960-களில் அச்சானது; பீட்டில்ஸ் பாட்டே அதில் வந்தது!

இரவல் சங்கடத்தைத் தீர்த்தது டேப் ரிக்கார்டர். தட்டு அலமாரியை விட்டு நகர வேண்டாம். ஒரே தடவை நல்ல ஊசியில் ஓட்டி நாடாவில் ஏற்றினால், பாட்டு பத்து வீட்டுக்குப் போகும். பிறகு காசெட், அதன்பின் கம்ப்யூட்டர். 1990-ல் பம்பாயில் இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் ஒன்று தோன்றியது. உறுப்பினர்கள் கூடித் தட்டுகளைப் போட்டுக் கேட்டார்கள். தகவல்களைப் பத்திரிகையாக வெளியிட்டார்கள்.

அந்த வட்டாரத்தின் உழைப்பால்தான் ஓடியன் முத்திரைத் தட்டுகளுக்கு மறுவாழ்வு கிடைத்தது. இந்தியாவில் 1912–16-லும் 1932–38-லும் வெளியான தட்டுகள் அவை. பின்னாளில் ஏ.வி.எம். என்று பெயரெடுத்த மெய்யப்பன் பங்காளியாக இருந்த சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் விற்ற சரக்கும் அதுவே. தனியார் அலமாரிகளில் கிடந்தவற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பதிவாகிப் பொதுவுக்கு வந்தன.

கம்பெனிப் பட்டியலில் பெயர் இருந்தும் தட்டு அகப்படாத பாட்டுகள் இன்னும் உண்டு. பாட்டன் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடைத்தால் ஸ்பிரிட் போட்டு மட்டும் துடைக்க வேண்டாம். மரச்சாமான் பாலிஷுக்குத் தச்சர்கள் அரக்கை அதில்தான் கரைக்கிறார்கள். பாட்டும் சேர்ந்து கரைந்துவிடும். மெல்லிய துணியால் தூசியைத் தட்டி, வெயில் படாமல் நிற்கவைத்து, உள்வட்டத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, விஷயம் தெரிந்த சேகரிப்பாளர் ஒருவரிடம் காட்டலாம்.