ஜாவாஸ்கிரிப்ட்டும் தமிழெழுத்தும்: சில அடிப்படைக் கருத்துகள்

இணையப்பக்கமொன்று வாசகரின் செயலுக்கு உடன் மறுமொழி தருவது, பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் செய்நிரல் மொழியின் துணையாலாகும். 1995 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய பிரென்டன் ஐக் இதன் முதல் வடிவத்தை ஏறத்தாழப் பத்து நாள்களில் ஆக்கினார். 1997 இல் ஈக்மா அமைப்பு இதற்கு நியமம் வகுத்தது. இம்மொழியின் அடிப்படைகளைத் தமிழெழுத்தோடு பொருத்தி ஈண்டு நோக்குவாம்.

நூலகமொன்றின் தேடற்பெட்டியை எடுத்துக்கொள்வோம். வாசகர் தட்டச்சிட்ட சொல்லைப் பெயரிட்டுத் தாங்குவது மாறி. பொத்தானை அழுத்துதல் நிகழ்வு. அந்நிகழ்வையொட்டி இயங்கும் கட்டளைத் தொகுதி சார்பு. சார்பானது மாறியிலுள்ள சொல்லை நூற்பட்டியலோடு ஒப்பிட்டு, பக்கத்தின் வேண்டிய பகுதியை மட்டும் மாற்றி விடை காட்டும். முழுப்பக்கமும் மீள வரவேண்டியதில்லை.

இவ்வொப்பீட்டிலேயே தமிழுக்குரிய சிக்கல் எழுகின்றது. நம் இலக்கண மரபில் மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய்யாகும். யூனிக்கோட் முறையிலோ அகரமேறிய எழுத்தே அடிப்படை. அதனோடு புள்ளி சேர்ந்தால் மெய், உயிர்க்குறி சேர்ந்தால் ஏனைய உயிர்மெய். புள்ளியும் குறியும் தனித்தனி அலகுகள். ஜாவாஸ்கிரிப்ட் சொல்லின் நீளத்தை இவ்வலகுகளாலேயே அளக்கும். ஆகவே, ஆறெழுத்துக் கொண்ட 'யாழ்ப்பாணம்' என்னும் சொல்லுக்கு அது 11 என விடை தரும். எழுத்தெண்ணிச் செய்யுளை ஆராயும் செய்நிரல் இதனை நம்பினால் முடிவு முற்றும் பிழையாகும். எழுத்தளவிற் பிரிக்கும் 'செக்மென்டர்' என்னும் கருவி இம்மொழியிலேயே உண்டு. 2024 இல் பயர்பொக்ஸும் அதனை ஏற்றபின், முதன்மை உலாவிகள் அனைத்திலும் அது கிடைக்கின்றது.

மற்றொரு சிக்கல் கண்ணுக்குப் புலப்படாதது. 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே அலகாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என ஈரலகாகவும் எழுதலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இவை வெவ்வேறாகவே தட்டச்சிடப்பட்டன. அவற்றைக் கவனமின்றி யூனிக்கோடாக்கினால் ஈரலகு வடிவமே எஞ்சக்கூடும். திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் செய்நிரலுக்கோ வேறுவேறு. ஒப்பிடுமுன் இருபக்கச் சொற்களையும் 'நோர்மலைஸ்' என்னும் சார்பினால் ஒரே வடிவாக்குதல் இதற்குத் தீர்வாகும்.

இது வெறும் தொழில்நுட்ப நுணுக்கமன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களை நாம் இழந்தோம். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவிற் காத்து வருகின்றது. காக்கப்பட்ட நூல் தேடுவோர்க்குக் கிட்டாதாயின் காத்ததன் பயன் குன்றும். 'கொழும்பு' எனத் தேடுவோர்க்கு இல்லையென விடை வருவது, நூல் இன்மையாலன்றி, ஓர் உயிர்க்குறியின் வேற்றுமையாலும் நேரலாம். எனவே தமிழ்த் தரவுகளைத் தொகுப்போர் செய்நிரலின் அடிப்படைகளை அறிதலும், செய்நிரல் எழுதுவோர் தமிழெழுத்தின் இயல்பை அறிதலும் இன்றியமையாதனவாகும்.