“எத்தனை பீஸ் எடுக்கிறீங்க?” - ஆன்லைன் கடைக்கு மொத்த விலை மென்பொருள் வாங்கும் முன்

ஈரோடு ஜவுளிச் சந்தையில் ஒரு கடைக்காரரிடம் விலை கேட்டுப் பாருங்கள். உடனே சொல்ல மாட்டார். “எத்தனை பீஸ் எடுக்கிறீங்க?” என்று திருப்பிக் கேட்பார். ஒரு பீஸுக்கு ஒரு விலை, பத்துக்கு ஒரு விலை, ஐம்பதுக்கு ஒரு விலை. எல்லாம் அவர் மனக்கணக்கில் இருக்கும்.

அதே வியாபாரத்தை ஆன்லைனுக்குக் கொண்டு வந்தால், அந்த மனக்கணக்கை மென்பொருள்தான் போட வேண்டும். சரியாகப் போட்டால் உங்களுக்கு வேலை மிச்சம். தப்பாகப் போட்டால், நீங்கள் தூங்கும் நேரத்திலேயே நஷ்டத்துக்கு ஆர்டர் எடுத்து வைத்திருக்கும்! நீங்கள் சிறிய தையல் யூனிட் நடத்துபவராக இருந்தாலும் சரி, சுய உதவிக் குழுவாக இருந்தாலும் சரி, வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் நோட்டு, அப்புறம் மென்பொருள்

மென்பொருள் உங்களுக்காக விலையை முடிவு செய்யாது. நீங்கள் சொன்ன விலையைத்தான் போடும். அதனால் முதலில் ஒரு நோட்டில் எழுதுங்கள். உதாரணத்துக்கு ஒரு சுடிதார் டாப் என்று வைத்துக்கொள்வோம். துணி, தையல் கூலி, பேக்கிங் எல்லாம் சேர்த்து அடக்க விலை ரூ.430. சில்லறை விலை ரூ.600. பத்து பீஸுக்கு மேல் ரூ.520. ஐம்பதுக்கு மேல் ரூ.480. “இதற்குக் கீழே இறங்கவே மாட்டேன்” என்ற விலை ரூ.455. இந்த ஐந்து எண்களும் கையில் இருந்தால்தான் விற்பனைப் பிரதிநிதியிடம் சரியான கேள்வி கேட்க முடியும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. சைஸ், கலர் மாறினாலும் எண்ணிக்கையைச் சேர்த்துக் கணக்கிடுமா?

ஒரு கடைக்காரர் ஐந்து சைஸில் பத்துப் பத்தாக ஐம்பது டாப் எடுக்கிறார். அவருக்குச் சேர வேண்டிய விலை ரூ.480. சில மென்பொருள்கள் ஒவ்வொரு சைஸையும் தனித்தனி பொருளாக எண்ணி, ரூ.520 போட்டுவிடும். அவருக்கு ரூ.2,000 கூடுதல் பில். அடுத்த தடவை அவர் வருவாரா என்பது சந்தேகம்தான்.

2. மொத்த விலை யார் கண்ணுக்குத் தெரியும்?

சில்லறைக்கு வாங்குபவர் ரூ.480 என்ற விலையைப் பார்த்துவிட்டால், ரூ.600 கொடுக்க மனசு வராது. வியாபாரிகள் பதிவு செய்து, நீங்கள் ஒப்புதல் கொடுத்த பிறகே மொத்த விலை தெரிய வேண்டும். ஒப்புதலுக்கு முன் அவர்களின் ஜிஎஸ்டி எண்ணைச் சரிபாருங்கள். அது 15 இலக்கம் கொண்டது. தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் லாகின் இல்லாமலேயே எண்ணைப் போட்டு, பெயரும் பதிவு நிலையும் பார்க்கலாம். கட்டணம் கிடையாது.

3. தள்ளுபடி மேல் தள்ளுபடி விழுமா?

அதிகம் பேர் கோட்டை விடும் இடம் இது. தீபாவளிக்கு 15 சதவீத கூப்பன் போடுகிறீர்கள். சில்லறை வாடிக்கையாளரை மனதில் வைத்துத்தான் போட்டீர்கள். ஆனால் மொத்த வியாபாரியும் அதே கூப்பனைப் பயன்படுத்தினால், ரூ.480 டாப் ரூ.408 ஆகிவிடும். அடக்க விலையே ரூ.430! நூறு பீஸுக்கு ரூ.2,200 கையை விட்டுப் போகும். மொத்த விலையில் கூப்பன் செல்லாதபடி தடுக்கவும், ரூ.455-க்குக் கீழே விலை இறங்காமல் நிறுத்தவும் வசதி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

4. வரியை எந்த விலைக்குக் கணக்கிடும்?

2025 செப்டம்பர் 22 முதல், ஆயத்த ஆடைக்கு ஒரு பீஸின் விற்பனை மதிப்பு ரூ.2,500 வரை 5 சதவீதமும், அதற்கு மேல் 18 சதவீதமும் ஜிஎஸ்டி. வரி சேர்க்காமல் சில்லறையில் ரூ.2,700-க்கு விற்கும் உடையை, மொத்தத்தில் ரூ.2,450-க்குக் கொடுக்கிறீர்கள் என்றால், ஒரே உடைக்கு இரண்டு வரி விகிதம் வரும். மென்பொருள் பொருளை மட்டும் பார்த்து 18 சதவீதம் போட்டால், ரூ.122.50 வர வேண்டிய வரி ரூ.441 ஆகிவிடும். தள்ளுபடி போன பிறகு உள்ள விலையைப் பார்த்து வரி போட வேண்டும். வாங்குபவர் தமிழ்நாடு என்றால் மத்திய, மாநில ஜிஎஸ்டி தனித்தனியாகவும், வெளிமாநிலம் என்றால் ஐஜிஎஸ்டி ஆகவும் பில்லில் வருகிறதா என்றும் பாருங்கள். ஆண்டு விற்றுமுதல் ரூ.5 கோடியைத் தாண்டியவர்களுக்கு வியாபாரிகளுக்கான பில்லில் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அந்த வசதியும் தேவை.

5. கடன் கணக்கு வைக்குமா?

மொத்த வியாபாரத்தில் கடன் இல்லாமல் நடக்காது. யாருக்கு எவ்வளவு வரை கடன், எந்தத் தேதிக்குள் பணம் வர வேண்டும் என்பதை மென்பொருள் குறித்து வைத்து நினைவூட்ட வேண்டும். நீங்கள் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர் என்றால், வாங்கியவர் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்த அவகாசம் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதமானால் குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். அப்போது தேதியோடு இருக்கும் பில்லும் ஆர்டர் பதிவும்தான் உங்கள் சாட்சி.

பணம் கட்டும் முன்

விலை குறைவு என்பதற்காக மட்டும் வாங்கிடாதீங்க. மாத வாடகை எவ்வளவு, விற்பனையில் கமிஷன் பிடிப்பார்களா, அடுத்த வருடம் கட்டணம் கூடுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாற நினைத்தால், வாடிக்கையாளர் பட்டியலையும் விலைப் பட்டியலையும் எக்ஸெல் கோப்பாக எடுக்க முடியுமா என்பதும் முக்கியம். அது முடியாது என்றால், உங்கள் வியாபாரத்தின் சாவி அடுத்தவர் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

இலவச சோதனைக் காலத்தில் நீங்களே நான்கு ஆர்டர் போட்டுப் பாருங்கள்: ஒரு பீஸ், சைஸ் கலந்து ஐம்பது பீஸ், கூப்பனோடு ஐம்பது பீஸ், வெளிமாநில முகவரிக்கு ஐம்பது பீஸ். நான்கு பில்லையும் நோட்டில் எழுதிய கணக்கோடு ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் காரணம் தெரியாமல் பணம் கட்ட வேண்டாம்.

தினமும் பத்துக்குக் குறைவான மொத்த ஆர்டர்தான் வருகிறது, வாங்குபவர்களும் தெரிந்தவர்கள்தான் என்றால், இப்போதைக்கு ஒரு எக்ஸெல் பட்டியலும் வாட்ஸ்அப்பும் போதும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆதார், பான் இருந்தால் இணையத்தில் நீங்களே செய்யலாம். தொழில் தொடர்பான வழிகாட்டுதலுக்கு உங்கள் மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்க.